குரலை மீட்ட கலைஞர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழெல்லை கடலாகும். அக்கடற்கரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று ஜெகதாப்பட்டினம். பாக்கு நீரிணையில் மீன்பிடித்து வாழும் மக்கள் நிறைந்த ஊர் அது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 15ஆம் நாள் முதல் சூன் 14ஆம் நாள் வரை, 61 நாட்கள், அவ்வூரின் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அது மீன்கள் இனம் பெருக்கும் காலம். ஆதலின் தமிழகத்தின் கீழைக் கடற்கரை முழுவதும் அந்நாட்களில் விசைப்படகு மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டுள்ளது. கரையில் நின்று நோக்குவோர், படகுகள் வரிசையாக ஓய்ந்து கிடப்பதைக் காண்பர். ஆனால் மீனவர் ஓய்ந்திருப்பதில்லை. பலகைகளின் பழுது நீக்குவர், வண்ணம் பூசுவர், இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவர், வலையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அறுந்தவற்றை முடிவர். தடைக்காலத்தைப் பழுது பார்க்கும் காலமாக்கிக் கொண்டவனே, தடை நீங்கிய நாளில் கலங்காது கடலேறுவான்.

மனிதரின் வாழ்விலும் இத்தகைய தடைக்காலங்கள் வருவதுண்டு. அப்பொழுது சோர்ந்து அமர்ந்தவர் பலர். தம்மைப் பழுது பார்த்துக்கொண்டு எழுந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர், இம்மாவட்டத்தின் தலைநகரிலேயே தோன்றினார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி வழியாக வடமேற்கே சென்றால் புதுக்கோட்டை நகரை அடையலாம். அந்நகரிற் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்து, தமிழ்த் திரைப்பட உலகின் முன்னணி நடிகருள் ஒருவராகத் திகழ்ந்தவர் பி. யு. சின்னப்பா. அவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளுள் முதலாவது அவர் பிறந்த ஊரையும், இரண்டாவது அவருடைய தந்தையாரையும் குறிக்கும்.

பிறப்பும் இளமையும்

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அதற்கு முன், ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்கரையூர்கள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. புதுக்கோட்டை நகரமோ, 1948ஆம் ஆண்டு வரையில் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி நாட்டின் தலைநகராய் விளங்கிற்று. மன்னர்கள் கலைகளை ஆதரித்தனர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்க வல்லுநராகிய தட்சிணாமூர்த்தி பிள்ளையும் அந்நகரின் புகழுக்குக் காரணமானவர்கள். கோயில் விழாக்களில் நாதசுர இசையும், தெருக்களிற் பசனைப் பாட்டும், கொட்டகைகளில் விடிய விடிய நாடகமும் நிகழ்ந்த ஊர் அது.

அவ்வூரில் 1916ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் சின்னப்பா பிறந்தார். பெற்றோர் உலகநாத பிள்ளையும் மீனாட்சி அம்மாளும் ஆவர். பெற்றோர் இட்ட பெயர் சின்னசாமி. பின்னாளிலேயே சின்னப்பா என்னும் பெயர் நிலைத்தது. தந்தையார் நாடக நடிகர். ஆதலின், பிற குழந்தைகள் தாலாட்டுக் கேட்டு வளரும் பருவத்தில், இக்குழந்தை நாடகப் பாடல்களையும் கேட்டு வளர்ந்தது. கேட்டதைக் கேட்டவாறே திருப்பிப் பாடும் ஆற்றல் இயல்பாகவே அமைந்திருந்தது. 'சதாரம்' என்னும் நாடகத்திற் சிறு திருடனாக மேடையேறியபோது அவருக்கு வயது ஐந்து எனக் கூறுவர்.

பாட்டில் இருந்த ஆர்வம் பள்ளிப் படிப்பில் அமையவில்லை. குடும்பத்தின் நிலையும் அதற்குத் துணைசெய்யவில்லை. தொடக்கப் பள்ளியிற் சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. கயிறு திரிக்கும் கடையொன்றில் மாதம் 5 ரூபாய் ஊதியத்திற்குச் சிறுவர் சின்னப்பா வேலைக்கு அமர்ந்தார். பகலில் நார் திரித்த அவர், பிற வேளைகளிற் பசனைக் கூட்டங்களைத் தேடிச் சென்று பாடினார். சிலம்பம், மற்போர் முதலிய வீர விளையாட்டுகளிலும் மனத்தைச் செலுத்தினார். பின்னாளில் திரைப்படங்களில் வாட்போர் புரியும் வீரராக அவர் தோன்றியபோது, அத்தோற்றம் பொய்த்தோற்றமாகப் படாமைக்கு இவ்விளமைப் பயிற்சியே காரணமாயிற்று.

பாலர் நாடகக் குழு

அக்காலத்தில் நாடகம் நடத்திய குழுக்களுட் பல, சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டிருந்தன. அவற்றைப் பாலர் குழு என்றும், 'பாய்ஸ் கம்பெனி' என்றும் மக்கள் வழங்கினர். அவற்றுள் தலைசிறந்த ஒன்றைத் தோற்றுவித்தவர், தமிழ் நாடகத்தின் பேராசானாகப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் அவர் தொடங்கிய குழுவின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்பதாகும். புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் இளமையிற் பயின்றதும் அக்குழுவிலேயாம். சுவாமிகள் 1922ஆம் ஆண்டில் மறைந்தார். குழு அதன்பின்னும் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தி வந்தது. அவ்வாறு சென்ற குழுவில் சின்னப்பாவும் சேர்க்கப்பெற்றார்.

பாலர் குழுவின் வாழ்க்கை எளிதன்று. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, குழுவின் வீட்டிலேயே உண்டு உறங்கி வாழ்வர். வைகறையில் எழுந்து பாடற் பயிற்சி செய்ய வேண்டும். பின்னர் உரையாடல் நெட்டுருச் செய்ய வேண்டும். இரவில் நாடகம்; அது முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். பாடம் தவறியவனை ஆசிரியரின் பிரம்பு தவறாது திருத்தும். ஆண் வேடம், பெண் வேடம் இரண்டையும் சிறுவர்களே ஏற்பர். ஒரு குழு ஓர் ஊரிற் சில வாரங்கள் தங்கி நாடகம் நடத்திய பின், திரைச்சீலைகளையும் உடைப்பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும்.

சிறுவர்களைக் குழுவினர் விரும்பியதற்கு முதன்மையான காரணம் குரலேயாகும். அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். உயர்ந்த சுருதியில் மணியொலி போல் எழும் சிறுவர் குரல் அவ்வாறு எட்டும். நாடகமோ பெரும்பாலும் பாட்டாகவே இருந்தது. எனவே, நன்றாகப் பாடும் சிறுவன் ஒருவன் குழுவுக்குக் கிடைத்த புதையலாகக் கருதப்பட்டான்.

முதற் குழுவிற் சின்னப்பாவுக்குச் சிறு வேடங்களே கிடைத்தன. ஆதலின் அவர் அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை. அதனை நீங்கி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் மாதம் 15 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய திறமை வெளிப்பட்டது. குரலின் இனிமையை அறிந்த உரிமையாளர் சச்சிதானந்தம் பிள்ளை, ஊதியத்தை 75 ரூபாயாக உயர்த்தினார் என்பது வரலாறு. கயிற்றுக் கடையில் 5 ரூபாய் பெற்ற சிறுவரின் வாழ்வில் அஃது எத்துணைப் பெரிய மாற்றம்! 'பாதுகா பட்டாபிஷேகம்' என்னும் நாடகத்தில் அவர் ஏற்ற பரதன் வேடம் மக்களின் பாராட்டைப் பெற்றது. அண்ணனைக் காணாது அழும் தம்பியாக அவர் மேடையில் நின்று பாடியபோது, கேட்டோர் கண்ணீர் உகுத்தனர்.

அக்குழுவில் நடிப்புப் பயிற்சி அளித்தவருள் ஒருவர், பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற காளி என். ரத்தினம். உடன் பயின்ற சிறுவருள் ஒருவர், பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன். சின்னப்பா தலைவராக நடிக்க, எம். ஜி. ஆர். பெண் வேடம் ஏற்று உடன் நடித்ததும் உண்டு.

மகரக்கட்டு

புகழ் இவ்வாறு வளர்ந்துவந்த வேளையில், பாலர் குழுச் சிறுவர் ஒவ்வொருவரும் அஞ்சிய நாள் சின்னப்பாவுக்கும் வந்தது. ஆண்மகன் பருவம் எய்துங்கால் அவன் தொண்டையிலுள்ள குரல்வளை பெரிதாகிறது; அதனுள் அமைந்த குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சிறிய தந்தி கூர்மையாக ஒலிப்பதையும், நீண்டு தடித்த தந்தி தாழ்ந்து ஒலிப்பதையும் யாழிலும் வீணையிலும் காண்கிறோம். அதுபோலவே குரலும், ஏறக்குறைய ஒரு தானம் தாழ்ந்துவிடுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் முடிவதன்று. பல மாதங்கள் வரை குரல் உடைந்தும் கரகரத்தும் நிலையின்றியும் ஒலிக்கும். நாடக உலகினர் இந்நிலையை 'மகரக்கட்டு' என வழங்கினர்.

பிற சிறுவர்க்கு இது வளர்ச்சியின் அடையாளம். அதில் வருந்துதற்கு ஏதுமில்லை. குரலையே கைம்முதலாகக் கொண்ட நாடகச் சிறுவனுக்கோ இஃது இடியாக அமைந்தது. நேற்று வரை கைதட்டிய அவையினர், இன்று அவன் வாய் திறந்ததும் நகைப்பர். நேற்று வரை சீராட்டிய குழுவினர், அவனுடைய வேடத்தை வேறொருவனுக்கு அளிப்பர். மகரக்கட்டிற்குப் பின் பாட்டையே கைவிட்டவர் பலர். சிலர் திரை இழுக்கும் வேலைக்கும், சிலர் ஒப்பனை செய்யும் வேலைக்கும் சென்றனர். பள்ளிப் படிப்போ இல்லை. வேறு தொழிலோ அறியார். குழந்தைப் பருவத்தை நாடகத்திற்குக் கொடுத்துவிட்டு, இளமைப் பருவத்தில் வெறுங்கையோடு நின்றோர் பலர். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இடம்பெறவில்லை.

சின்னப்பா குழுவை விட்டு நீங்கி ஊர் திரும்பினார். ஆயினும் பாட்டை விடவில்லை. இதுவரை இயற்கை கொடுத்த குரலாற் பாடியவர், இனிப் பயிற்சியாற் பெற்ற குரலாற் பாட வேண்டும் என்பதை உணர்ந்தார். முறையாக இசை பயின்றார். இசை பயில்வோர் தாழ்ந்த தானத்தில் மெல்லத் தொடங்கி, சரளி வரிசையும் அலங்காரமும் வர்ணமும் பலகால் பாடிப் பாடிக் குரலை ஒழுங்குபடுத்துவர். அதனைச் சாதகம் என்பர். நார்களை ஒன்றோடொன்று முறுக்கித் திரித்தாலன்றிக் கயிறு உறுதிபெறாது என்பதனைக் கடையில் இருந்தபோதே கண்டவர் அவர். குரலையும் அவ்வாறே திரித்து முறுக்கேற்றினார். கூடவே உடற்பயிற்சியும் சிலம்பமும் தொடர்ந்தன. நடிகர்கள் ஒரு நாடகத்திற்கென ஒன்று கூடி நடிக்கும் 'ஸ்பெஷல்' நாடகங்களிலும் கலந்து நடித்தார். அவற்றில் ஒத்திகை இல்லை. எதிரில் நிற்பவர் யாது கேட்பார் என்பதும் தெரியாது. மேடையிலேயே விடைகூறி, மேடையிலேயே பாட வேண்டும். சொல்வன்மையும் துணிவும் அவருக்கு அங்கே கைவந்தன.

உடைந்த குரல் சேர்ந்தது. சேர்ந்தபின் அது பழைய குரலாக இல்லை. அதனினும் ஆழமும் அழுத்தமும் உடையதாய், ஆண்மை பொருந்தியதாய் விளங்கிற்று. விரைவான சுரங்களையும் பிசிறின்றிப் பாடும் வன்மை அதற்கு வாய்த்தது.

திரையுலகில் முதலடி

தமிழில் முதற் பேசும்படம் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் நாடக நடிகர் பலரைத் திரையுலகம் அழைத்துக்கொண்டது. பின்னணிக் குரல் முறை பரவாத அந்நாளில், நடிப்பவரே பாடவும் வேண்டும். ஆதலின், பாடத் தெரியாதவர் கதைத்தலைவராவது அரிது. 1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சந்திரகாந்தா' என்னும் படத்தில் சின்னப்பா இளவரசராகத் தோன்றினார். அப்பொழுது அவருக்கு வயது 20. தொடர்ந்து 'இராஜமோகன்', 'அநாதைப் பெண்', 'யயாதி', 'மாத்ருபூமி' ஆகிய படங்களில் நடித்தார்.

ஆனால் அப்படங்கள் அவருக்கு நிலைத்த இடத்தைத் தரவில்லை. 1939ஆம் ஆண்டிற்குப் பின் வாய்ப்புகள் குன்றின. இஃது அவருடைய இரண்டாவது தடைக்காலம். முதல் தடை உடலில் நேர்ந்தது; இஃது உள்ளத்தைத் தாக்கியது. அவர் மனம் வெறுத்து, விரதங்களை மேற்கொண்டு, துறவு பூணவும் எண்ணினார் என்பர். எனினும் இசைப் பயிற்சியை மட்டும் விட்டாரில்லை. அழைப்பு வந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தமைக்கு அதுவே காரணம்.

இரட்டை வேடம்

அழைத்தவர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் கதையைத் தழுவி அவர் எடுத்த படம் 'உத்தமபுத்திரன்'. அரசனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றனர். ஒருவன் கொடியவனாகவும், மற்றொருவன் நல்லவனாகவும் வளர்கின்றனர். இருவராகவும் சின்னப்பாவே நடித்தார். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படமே, தமிழில் ஒருவரே இரு வேடங்களில் நடித்த முதற் படம் எனத் திரைப்பட வரலாறு எழுதுவோர் குறிப்பர்.

ஒருவரே இருவராகத் திரையில் தோன்றுவது எவ்வாறு? ஒளிப்படப் பெட்டியின் வில்லையில் ஒரு பாதியை மறைத்து, நடிகரை மறுபாதியில் நிறுத்திப் படம் பிடிப்பர். பின்னர்ப் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு திறந்திருந்த பாதியை மறைத்து, மறைந்திருந்த பாதியைத் திறந்து, நடிகரை வேறு உடையில் மறுபுறம் நிறுத்தி மீண்டும் படம் பிடிப்பர். பெட்டி மயிரிழையளவும் அசைதல் கூடாது. முதன்முறை தாம் பேசிய வேகத்தையும் நோக்கிய திசையையும் நடிகர் நினைவிற் கொண்டு, வெறுவெளியை நோக்கி மறுமொழி கூற வேண்டும். எதிரில் நிற்பவர் கேட்பதற்கு நினைவாற்றலால் உடனுக்குடன் விடைகூறிப் பழகிய நாடக நடிகருக்கு இக்கலை கைகூடியதில் வியப்பில்லை. குரலிலும் நடையிலும் வேறுபாடு காட்டி, அவர் இருவரையும் இருவராகவே நிறுத்தினார். படம் பெருவெற்றி பெற்றது. அதே கதை 1958ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் படமாக்கப்பட்டது.

இலக்கியமும் திரையும்

1941ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆரியமாலா' என்னும் படத்தில் காத்தவராயனாக நடித்துச் சின்னப்பா நாட்டுப்புற மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டில் வெளிவந்த இரு படங்களைத் தமிழ் பயில்வோர் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒன்று, ஜுபிடர் நிறுவனத்தார் எடுத்த 'கண்ணகி'. சிலப்பதிகாரத்தின் கதை அது. அதிற் கோவலனாகச் சின்னப்பாவும் கண்ணகியாகப் பி. கண்ணாம்பாவும் நடித்தனர். உரையாடலை எழுதியவர் இளங்கோவன். அதுவரை திரைப்படங்களிற் பேச்சு பலவகை மொழிகள் கலந்து பொலிவின்றி இருந்தது. இளங்கோவன் எழுதிய மிடுக்கான தமிழ் நடை, கேட்போரைக் கவர்ந்தது. கண்ணாம்பா தெலுங்கு நாட்டினர். எனினும் பாண்டியன் அவையில் நீதி கேட்கும் கண்ணகியாக அவர் பேசிய தமிழைக் கேட்டு மக்கள் வியந்தனர். ஏட்டில் இருந்த காப்பியத்தின் கதை, எழுத்தறியா உழவர்க்கும் மீனவர்க்கும் இப்படத்தின் வழியே சென்று சேர்ந்தது.

மற்றொன்று, மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மனோன்மணி'. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் கவிதை நாடகமே இதற்கு மூலமாகும். அந்நாடகம், இலிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவியது. படிப்பதற்கேற்ற நாடகம் எனக் கருதப்பட்ட அது, திரையிற் பலரும் காணும் நாடகமாயிற்று. சேர மன்னன் புருடோத்தமனாகச் சின்னப்பாவும், மனோன்மணியாக டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர்.

தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர், சிலப்பதிகாரத்தின் தலைவனாகவும் மனோன்மணீயத்தின் மன்னனாகவும் பிழையற்ற தமிழ் பேசி நடித்தார். நாடக ஆசிரியர்களிடம் சொல் சொல்லாக நெட்டுருச் செய்த பயிற்சி அவருக்கு அவ்வாற்றலைத் தந்தது.

ஐவராகத் தோன்றிய ஒருவர்

கோயமுத்தூர் பட்சிராஜா நிறுவனத்தார் 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜகதலப்பிரதாபன்', சின்னப்பாவின் இசைப் புலமைக்குச் சான்றாக நிற்பது. அப்படத்தில் ஓர் இசையரங்கக் காட்சி உண்டு. நடுவில் அமர்ந்து பாடுபவர் சின்னப்பா. பக்கத்தில் அமர்ந்து இசைக்கருவிகள் வாசிப்போரும் சின்னப்பாவே. ஒரே திரையில் ஐந்து சின்னப்பாக்களைக் கண்டு மக்கள் வியப்பிலாழ்ந்தனர். இக்காட்சியின் வெற்றிக்கு ஒளிப்பதிவாளரின் திறன் மட்டும் காரணமன்று. தாளம் சற்றும் பிறழாது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய கைப்பழக்கத்தை அறிந்து நடிப்பவரிடமே அக்காட்சி பொருந்தும். லயத்திற்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டையிற் பிறந்தவர்க்கு அஃது இயல்பாக அமைந்தது.

பின்னர் 1949ஆம் ஆண்டில் வெளிவந்த 'மங்கையர்க்கரசி' என்னும் படத்தில் மூன்று வேடங்களில் நடித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'ரத்னகுமார்' என்னும் படத்தில், பாலர் குழுவில் உடன் பயின்ற எம். ஜி. ஆர். சிறு வேடமொன்றை ஏற்றிருந்தார். அந்நாளில் எம். கே. தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் இரு பெருங் கலைஞர்களாக விளங்கினர். இவருள் யார் சிறந்தவர் என ரசிகர்கள் வாதிட்டதும் உண்டு. பாகவதரின் பாட்டு இனிமையிற் சிறந்தது; சின்னப்பாவின் கலை, பாட்டும் நடிப்பும் வீரமும் ஒருங்கே அமைந்த பன்முகத் திறமையிற் சிறந்தது. ஒன்றை உயர்த்துதற்கு மற்றொன்றைத் தாழ்த்த வேண்டுவதில்லை.

ஊர்ப்பற்றும் மறைவும்

1942ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிருதிவிராஜன்' என்னும் படத்திற் சின்னப்பாவுடன் நடித்தவர் ஏ. சகுந்தலா. அவ்விருவரும் 1944ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டனர். செல்வமும் புகழும் பெருகிய பின்னரும் சின்னப்பா புதுக்கோட்டையை மறவாதவராயிருந்தார். படங்களில் ஈட்டிய பொருளைக் கொண்டு அந்நகரிற் பல வீடுகளை வாங்கினார். அவர் இனிமேல் வீடு வாங்கலாகாது என அரசினர் தடை விதிக்கும் அளவிற்கு அவ்வெண்ணிக்கை பெருகிற்று என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி. கயிற்றுக் கடைக்கு நடந்து சென்ற தெருக்களிலேயே வீடுகளுக்கு உரியவராக வேண்டும் என அவர் விரும்பினார் போலும்.

ஆனால் ஆயுள் நீளவில்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23ஆம் நாள், புதுக்கோட்டையில், தம் 35ஆம் வயதிற் சின்னப்பா காலமானார். அவர் நடித்து முடித்த 'சுதர்சன்' என்னும் படம், மறைவிற்குப் பின்னரே திரைக்கு வந்தது. குரல் திரையில் ஒலித்தது, குரலுக்குரியவர் இல்லை. 15 ஆண்டுத் திரை வாழ்வில் அவர் நடித்த படங்கள் முப்பதைத் தாண்டவில்லை. அவற்றுள்ளும் எல்லாம் இன்று கிடைப்பதில்லை. எளிதில் தீப்பற்றி அழியும் படச்சுருளில் அந்நாளைய படங்கள் பதிவாயின. காப்பாரின்றி அழிந்தவை பல. கலையை ஆக்குவது போலவே அதனைக் காப்பதும் கடமை என்பதனை இவ்விழப்பு நமக்கு உணர்த்துகின்றது.

வாழ்வு தரும் பாடம்

சின்னப்பாவின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. சிறுவர் ஒருவர் பள்ளியை விட்டுக் கடையில் வேலைக்குச் சென்றதும், பெற்றோரைப் பிரிந்து பிரம்படிக்கு அஞ்சி வாழ்ந்ததும் போற்றத்தக்கன அல்ல. அக்காலத்தின் வறுமை அவ்வாறு செய்வித்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் யாவர்க்கும் கல்வி உரிமை என 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் கூறுகின்றது. பாலர் குழுக்களில் வாடிய சிறுவர்களுட் சின்னப்பா ஒருவர் வென்றார் என்பதற்காக, தோற்ற பலரை நாம் மறந்துவிடலாகாது. கல்வி என்னும் துணை இருந்திருப்பின், குரல் உடைந்த நாளில் அவர்கள் வெறுங்கையோடு நின்றிரார்.

கொள்ளத்தக்கதோ, தடைக்காலத்தில் அவர் செய்த பழுதுபார்ப்பே. இயற்கை தந்த குரல் இயற்கையாலேயே போயிற்று. அது போனபின் அவர் உழைப்பாற் பெற்ற குரலைத்தான் தமிழ்நாடு கேட்டது. சிறுவர் குரலாற் பெற்ற புகழ் கொட்டகையோடு நின்றது. மீட்ட குரலாற் பெற்ற புகழ் இன்றும் நிற்கின்றது.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலருடைய குரலும் மாறும். அதற்கு நாணவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. குரல் மட்டுமன்று, ஒரு தேர்வில் தோல்வி, ஒரு நோய், குடும்பத்தில் ஒரு துன்பம் என வேறு தடைகளும் வரக்கூடும். அந்நாட்களில் ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். கரையேறிய படகு கைவிடப்பட்ட படகன்று. அதன் அருகில் ஒருவர் அமர்ந்து வலையை முடிந்துகொண்டிருக்கின்றார். 61 நாட்கள் கழிந்ததும் அது மீண்டும் கடலுக்குச் செல்லும்.